ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு அறைத் திருத்தம்: சீமெந்து ஹோலில் செய்யும் முறை

வன்னியில் ஒரு வீட்டுக்கு ஹோம் தியேட்டர் ரிசீவர், அதாவது படத்தின் ஒலியைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, வந்து சேரும் வழி அநேகமாக இரண்டுதான். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா கொண்டுவந்திருப்பார், இல்லையென்றால் கொழும்பில் செக்கன்ட் ஹாண்டாக வாங்கியிருப்பார்கள். எப்படி வந்தாலும் முறைப்பாடு ஒன்றுதான்: படத்தில் இடி இடித்தால் ஹோல் முழுக்க ‘பூம்’ என்று நிற்கிறது, ஆட்கள் கதைப்பது மட்டும் விளங்கவில்லை. உடனே யாராவது ஒருவர் ‘டிராக் போடு, எல்லாம் சரியாகும்’ என்பார். டிராக் என்பது அறைக்கேற்ப ரிசீவரின் ஒலியைத் திருத்தும் மென்பொருள்களில் ஒன்று. போடலாம். ஆனால் அதற்குக் காசு கட்டுவது இந்த வேலையின் கடைசிப் படி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, பாதிக்கு மேல் காசே இல்லாதவை.

சித்தப்பா கனடாவிலிருந்து கொண்டுவந்ததென்றால், பிளக்கைச் செருகுவதற்கு முன் பின்பக்க லேபலைப் பாருங்கள். 120 வோல்ட் என்று இருந்தால் நம்முடைய 230 வோல்ட்டில் நேரே போடக் கூடாது, வோல்ட்டைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபோமர் வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்ததற்கு இந்தக் கவலை இல்லை.

அறைத் திருத்த மென்பொருள் எதைத் திருத்தும்

நீங்கள் இருக்கும் இடத்தில் மைக்கை வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சோதனை ஒலி எழுப்பி, அது எவ்வளவு நேரத்தில், எவ்வளவு சத்தத்தில், எந்த அலைவரிசையில் (ஒலி செக்கனுக்கு எத்தனை தரம் அதிர்கிறது என்பது, ஹெர்ட்ஸில் சொல்வது) கூடிக் குறைந்து வந்து சேர்கிறது என்று ரிசீவர் அளக்கும். பிறகு அதற்கேற்ப ஒலியைச் சரிக்கட்டும். டெனோன், மராண்ட்ஸ் ரிசீவர்களில் இதற்கு ஆடிசி இருக்கிறது. யமஹாவில் வைபாவோ. ஒன்கியோவின் டிஎக்ஸ் ஆர்செட் 50 போன்றவற்றில் டிராக் லைவ் பெட்டியோடே வரும். யமஹாவை வைத்துக்கொண்டு அதற்குள் டிராக் போட வழியில்லை. அதனால் முதலில் உங்கள் மொடல் எது, அதற்கு எந்த அப்கிரேட் கிடைக்கும் என்று பாருங்கள்.

இனி அறை. நீளம் 12 அடி, அகலம் 10 அடி என்று ஒரு ஹோலை எடுப்போம். நம்மூர் வெக்கையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர். அதை அறையின் நீளத்தைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால், நீளப் பக்கத்தில் 48 ஹெர்ட்ஸ் அளவிலும் அகலப் பக்கத்தில் 57 ஹெர்ட்ஸ் அளவிலும் அலை சுவருக்குச் சுவர் நின்று ஆடும். சீமெந்துக் கல்லில் கட்டி இரண்டு பக்கமும் பூசிய சுவர் பேஸை, அதாவது அடித் தொனியை, வெளியே விடாது. அந்த ‘பூம்’ இதுதான்.

இப்படிச் சத்தம் கூடி நிற்கும் மேட்டை மென்பொருள் நன்றாகவே வெட்டும். சத்தம் குறைந்துபோன பள்ளத்தை நிரப்பாது. அறையின் நட்ட நடுவில் கதிரையைப் போட்டால் அந்த 48 ஹெர்ட்ஸ் அங்கே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இல்லாமல் போகும். ரிசீவர் எவ்வளவு கூட்டினாலும் ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் இறைத்த கதைதான். வெறுஞ்சுவரிலும் சீமெந்துத் தரையிலும் பட்டுவரும் எதிரொலியையும் எந்த மென்பொருளும் அழிக்காது. கதைப்பது விளங்காததற்குப் பெரும்பாலும் காரணம் அந்த எதிரொலிதான்.

படி 1: அறையைத் தயார் செய்தல்

செற்றியைப் பின்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், நடு அறையிலும் போடாதீர்கள். இரண்டுக்கும் இடையில் எங்காவது. தரையில் தடித்த கம்பளம், யன்னல்களுக்குத் தடித்த திரைச்சீலை, பின்சுவரோரம் ஒரு தும்பு மெத்தையை நிமிர்த்தி வைத்தாலும் நல்லது. வீட்டில் யாராவது சிரிப்பார்கள், பரவாயில்லை.

சப்வூஃபருக்கு, அதாவது பேஸ் மட்டும் ஒலிக்கும் ஸ்பீக்கருக்கு, இடம் பிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் இருக்கும் கதிரையில் வையுங்கள். பேஸ் உள்ள பாட்டொன்றைப் போட்டுவிட்டு, காதைத் தாழ்த்திச் சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். எங்கே பேஸ் குழம்பாமல் ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கேதான் சப்வூஃபர்.

படி 2: கடகடப்பைப் பிடித்தல்

ஓட்டு வீட்டிலும் சீற் வீட்டிலும் இதை விடவே கூடாது. 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சோதனை ஒலி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதை ஓட விட்டுவிட்டு அறையைச் சுற்றி நடங்கள். ஷோகேஸில் அடுக்கிய கண்ணாடிக் கிளாஸ், யன்னல் கொக்கி, சுவரில் மாட்டிய சாமிப் படம், கூரைத் தகரத்தின் தளர்ந்த ஆணி என்று ஒவ்வொன்றும் தன்னுடைய அலைவரிசையில் கிடுகிடுக்கும். படத்தின் பின்னால் ரப்பர் துண்டு ஒட்டுங்கள், கிளாஸுக்கு அடியில் துணி விரியுங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் மட்டும் அதைத் துளைக்கவோ உரசவோ போக வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

படி 3: ஃபேம்வெயர்

ரிசீவரை றவுட்டரோடு இணைத்து, செட்டப் மெனுவில் ஃபேம்வெயர் (ரிசீவருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் பாருங்கள். பாதியில் கரண்ட் போனால் ரிசீவர் எழும்பாமலே போகக்கூடும். மின்தடை அறிவித்த நாளிலும் மழை இருட்டி மின்னும் நேரத்திலும் இதைத் தொடாதீர்கள்.

படி 4: செயலி

டெனோன், மராண்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஆடிசி மல்ட்இக்யூ எடிட்டர் என்ற போன் செயலி இருக்கிறது. விலை 20 டொலர் அளவில். உங்கள் மொடல் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். முதலில் செலவழிக்க வேண்டிய காசு இதுதான் என்பேன். ரிசீவரிலேயே முன்பு அளந்ததை இந்தச் செயலி எடுத்துக்கொள்ளாது, செயலி வழியாகப் புதிதாக அளக்க வேண்டும். போனும் ரிசீவரும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும்.

செக்கன்ட் ஹாண்டில் வாங்குபவர்கள் பெட்டியோடு வந்த மைக் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வேறு கம்பனி மைக்கைச் செருகினால் அளவு பிழைக்கும்.

படி 5: அளத்தல்

முழு வேலையின் உயிர் இங்கேதான். மயில் அகவும் விடியற்காலையும், லாண்ட்மாஸ்டர் ஓடும் பகலும், கச்சான் காற்று கூரையை உலுக்கும் பின்னேரமும் சரிவராது. மாரியில் குளத்துத் தவளைகள் இரவையும் விடாது. கோயிலில் லவுட்ஸ்பீக்கர் கட்டியிருக்கும் நாட்களை விட்டுவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து ஊர் அடங்கும் நேரத்தை எடுங்கள். சோதனை ஒலி கொஞ்சம் சத்தமாகத்தான் வரும், பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். ஃபானை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜையும் அந்த நேரத்துக்கு நிறுத்துங்கள். வியர்க்கும், பொறுக்கத்தான் வேண்டும்.

மைக்கைக் கதிரைச் சாய்வில் வைக்காதீர்கள், கையிலும் பிடிக்காதீர்கள். கமராவுக்குப் பாவிக்கும் முக்காலியில், காது உயரத்தில், நுனி கூரையைப் பார்க்க நிற்க வேண்டும். முதல் அளவு நீங்கள் வழக்கமாக இருக்கும் இடம். மற்றவை அதைச் சுற்றி இரண்டடிக்குள், முன்னும் பின்னும் பக்கமுமாக. ஆடிசியில் எட்டு இடம் வரை அளக்கலாம், எட்டையும் அளந்துவிடுங்கள். ஒலி ஓடும்போது மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் குறுக்கே நிற்க வேண்டாம்.

தொடங்கும்போது சப்வூஃபரின் வொலியூம் பாதியில், அதன் குரொஸ்ஓவர் திருகு (எந்த அலைவரிசை வரை அது ஒலிக்கும் என்று வைப்பது) ஆகக் கூடிய இடத்தில் இருக்கட்டும். அளந்து முடிந்ததும் சப்வூஃபர் அளவு கழித்தல் 12 டெசிபெலுக்குப் பக்கத்தில் காட்டினால், சப்வூஃபரின் பின்னாலுள்ள வொலியூமைக் குறைத்துவிட்டு மறுபடி அளங்கள். சப்வூஃபரின் தூரம் நாடாவால் அளந்ததைவிடக் கூடுதலாகக் காட்டினால் கை வைக்க வேண்டாம். அதற்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்தே ரிசீவர் கணக்குப் போட்டிருக்கிறது.

படி 6: திருத்தி ஏற்றுதல்

செயலியில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எந்த அலைவரிசை வரை திருத்துவது என்று எல்லை போடலாம். 500 ஹெர்ட்ஸில் வெட்டி ஒரு பதிவு, முழுவதும் திருத்திய இன்னொரு பதிவு என இரண்டு வைத்துக் கேட்டுப் பாருங்கள். என் காதுக்கு சீமெந்து ஹோலில் முதலாவதுதான் இயல்பாகக் கேட்கிறது. மிட்ரேஞ்ச் கொம்பன்சேஷன் என்பதை நிறுத்திவிடுங்கள், அது 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம், குரல் தெளிவாகும் இடத்தில், ஒலியைத் தாழ்த்துகிறது.

பிறகு ரிசீவருக்கு அனுப்புங்கள். ஸ்பீக்கர்களைப் பெரியது என்று அது வைத்திருந்தால் சிறியது என்று மாற்றி, ரிசீவரின் குரொஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், அதற்குக் கீழே உள்ளது சப்வூஃபருக்குப் போகும். சிறியது என்று ரிசீவரே வைத்திருந்தால், அது வைத்த எண்ணைவிட ஏற்றலாம், இறக்கக் கூடாது.

படி 7: டிராக் வேண்டுமா

டெனோன், மராண்ட்ஸுக்கு டிராக் 2023இல் வந்தது. 2022இல் வெளியான டெனோன் ஏவிஆர் எக்ஸ்3800எச் போன்ற சில மேல்நிலை மொடல்களுக்கு மட்டும்தான். அப்போது 500 ஹெர்ட்ஸ் வரை திருத்தும் உரிமம் 259 டொலர், முழு அலைவரிசைக்கு 349 டொலர். உரிமம் அந்த ஒரு ரிசீவரோடு கட்டுண்டது. ஐப்பசி கார்த்திகை மின்னலில் ரிசீவர் போனால் உரிமமும் போச்சு.

வாங்குவதென்றால் எங்கள் ஹோல்களுக்குக் குறைந்த விலை உரிமமே போதும். லப்டொப் வேண்டும், உள்நுழைய இணையம் வேண்டும். யூமிக் 1 போன்ற யூஎஸ்பி மைக் ஒன்றும் இருந்தால் நல்லது. அதன் தொடர் இலக்கத்தைக் கொடுத்து அதற்கேயுரிய திருத்தக் கோப்பை (அந்த மைக்கின் சொந்தப் பிழையைச் சரிக்கட்டுவது) தரவிறக்குங்கள். மைக்கைக் கூரையைப் பார்க்க நிறுத்தினால் 90 பாகைக் கோப்பு, ரீவியைப் பார்க்க நீட்டினால் சாதாரணக் கோப்பு. அளக்கும் ஒழுங்கு படி 5இல் சொன்னதுதான். அளந்த கோப்பை லப்டொப்பில் சேமித்து வையுங்கள், இலக்குக் கோட்டை (எந்த அலைவரிசை எவ்வளவு கேட்க வேண்டும் என்று வைக்கும் கோடு) மாற்றும்போது மறுபடி ஃபானை நிறுத்தி வியர்க்கத் தேவையில்லை. செற்றியையோ சப்வூஃபரையோ நகர்த்தினால் மட்டும் முதலிலிருந்து அளக்க வேண்டும்.