கெண்டை மீனின் இரத்தத்தில் பாலின ஹார்மோனைச் சுமக்கும் புரதத்தை அளக்கும் முறை

மீனின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ராடையால் ஆகிய பாலின ஹார்மோன்களின் பெரும்பகுதி தனித்து ஓடுவதில்லை. கல்லீரல் சுரந்து அனுப்பும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் அவற்றை இறுகப் பற்றிக்கொண்டு செல்கிறது. கருத்தடை மாத்திரைகளில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடையாலை மனிதப் புரதம் ஏறக்குறைய பற்றுவதே இல்லை. மீனின் புரதமோ நன்றாகப் பற்றுகிறது. கழிவுநீரோடு ஆற்றில் கலக்கும் அந்த மருந்து செவுள் வழியாக உடலுக்குள் சேர்வதில் இதற்குப் பங்கு உண்டு என்பதால்தான் இந்த அளவீட்டைக் கற்றுக்கொள்வது முக்கியம் என்று கருதுகிறேன்.

வால் பகுதி இரத்தக் குழாயிலிருந்து ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பானைத் தடவிய ஊசியால் இரத்தம் எடுத்து, குளிரில் மையவிலக்கியில் சுழற்றிப் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியைப் பிரித்துக்கொள்ளுங்கள். முட்டை முதிர்ந்த மீனின் பிளாஸ்மாவில் அதன் சொந்த ஹார்மோன்களே புரதத்தின் இடங்களை நிரப்பியிருக்கும். ஆகவே சிறிது கரித்தூள் சேர்த்து அரை மணி நேரம் கலக்கி, சுழற்றி, கரியை நீக்கிய பிறகே சோதனைக்கு எடுக்க வேண்டும்.

அடுத்து, பஃபரில் (அமில-காரச் சமநிலையைக் காக்கும் கரைசல்) நீர்க்கச் செய்த பிளாஸ்மாவுடன் ட்ரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய டெஸ்டோஸ்டிரோனைச் சேர்த்து, 4 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வையுங்கள். உடன் வைக்கும் இணைக் குழாய்களில், கதிரியக்கமற்ற டெஸ்டோஸ்டிரோனை 100 மடங்கு மிகுதியாகச் சேர்க்க வேண்டும். ஆல்புமின் போன்ற மற்ற இரத்தப் புரதங்கள் தளர்வாகப் பற்றுவதை அந்தக் குழாய்களே காட்டும். ட்ரிடியத்தைக் கையாள உரிமம் பெற்ற ஆய்வகத்தில் மட்டுமே இதைச் செய்யலாம்.

நான் தடுமாறியது இதற்கு அடுத்த படியில்தான். பற்றப்படாத ஹார்மோனை நீக்க, 0.5 விழுக்காடு கரித்தூளும் 0.05 விழுக்காடு டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருளும் கலந்த குளிர்ந்த கலவையைச் சேர்க்கிறோம். பாலூட்டிகளுக்கென எழுதப்பட்ட செய்முறையைப் பின்பற்றி நான் பத்து நிமிடம் காத்திருந்தேன். கதிரியக்கத்தை அளக்கும் எண்ணியில் இரு வகைக் குழாய்களுக்கும் கிடைத்த எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே வந்ததால், கெண்டையில் இந்தப் புரதமே இல்லை என்று ஒரு மாதம் நம்பியிருந்தேன். உண்மையில் மீன்களின் புரதம் ஹார்மோனை மிக விரைவாக விட்டுவிடுகிறது. விடுபட்டதை உடனே கரி விழுங்கிவிடுகிறது. எனவே 1, 2, 3, 5, 10 நிமிடங்கள் என வெவ்வேறு கால அளவுகளில் கரியோடு வைத்து ஒரு முன்சோதனை செய்து, எண்ணிக்கை எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்று வரைபடத்தில் பார்த்த பின்னரே உங்கள் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

நேரம் குறைவாக இருப்பதால், 24 குழாய்களுக்கு ஒவ்வொன்றாகக் கரி ஊற்றி முடிப்பதற்குள் முதல் குழாயின் கணக்கு கெட்டுவிடும். நான் எட்டு எட்டாகப் பிரித்து, பல்முனைப் பிப்பெட்டால் ஒரே அழுத்தில் ஊற்றுகிறேன். கரி அடியில் படியாதிருக்க, கலவைக் குவளையைப் பனிக்கட்டியில் வைத்துக் காந்தக் கலக்கியைச் சுழலவிட வேண்டும். சுழற்றி எடுத்த தெளிவில் சாம்பல் நிறம் மங்கலாகத் தெரிந்தாலும் அதை எண்ணியில் வைக்காதீர்கள். மிதக்கும் கரித்துகள் ஒவ்வொன்றும் ஹார்மோனைச் சுமந்துகொண்டிருக்கும். அத்தகைய குழாயைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுவதே நல்லது.

முதல் வகைக் குழாயின் எண்ணிக்கையிலிருந்து இணைக் குழாயின் எண்ணிக்கையைக் கழித்தால் புரதம் பற்றிய அளவு கிடைக்கும். ஹார்மோன் செறிவைப் படிப்படியாக மாற்றிப் பற்றுத்திறனைக் கணக்கிடும்போது ஸ்கேட்சார்ட் கோட்டை (பற்றப்பட்ட, பற்றப்படாத ஹார்மோனின் விகிதத்தைக் கொண்டு வரையும் நேர்கோடு) கண்ணோட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வளைகோட்டுப் பொருத்தத்தையே நம்புங்கள். நானோமோலார் அளவில் விடை வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

பின்சேர்க்கை: பிளாஸ்டிக் குழாய்களில் விடை நிலையாக வரவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்த ஹார்மோன்கள் சேர்ந்த ஸ்டீராய்டுகள் என்ற வகைப் பொருள்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்; கண்ணாடிக் குழாய்களைப் பயன்படுத்தி, பஃபரில் 0.1 விழுக்காடு ஜெலட்டின் சேருங்கள். ஆண் மீன்களின் முக்கிய ஹார்மோனான 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் பற்றவே இல்லையே என்று மற்றொருவர் கேட்டிருந்தார். அவருடைய சோதனையில் பிழை இருக்க வேண்டியதில்லை. பல மீன் இனங்களில் இந்தப் புரதம் அந்த ஹார்மோனை வலுவின்றியே பற்றுகிறது.