சமுதாய வானொலிகள் நிகழ்ச்சிகளைப் பகிரவும் இடம் மாறவும் கவனிக்க வேண்டியவை

சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாக வானொலி 2004இல் தொடங்கிய நாள் முதல் நாட்டில் பல சமுதாய வானொலிகள், அதாவது ஒரு வட்டார மக்களுக்காக அவர்களின் பங்கேற்புடன் இயங்கும் சிறு நிலையங்கள், உருவாகியுள்ளன. ஆட்குறைவால் இரண்டு நிலையங்கள் நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்வதும் இயல்பே. ஆயினும் ஒலிபரப்பில் குறைந்தது 50 விழுக்காடு உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்பது விதி என்பதால், முதலில் வாராந்திர நேர அட்டவணையை எழுதி, வெளியிலிருந்து வருபவற்றைத் தனியே கூட்டிப் பாருங்கள். வேளாண்மை, உடல்நலம் போன்றவை பகிர்வதற்கு ஏற்றவை. மீனவர் கிராமத்தின் கடல்நிலைத் தகவலை மலையடிவாரத்தில் ஒலிபரப்புவதால் பயனில்லை. பேசியவர்களின் ஒப்புதலையும் பாடல்களின் உரிமையையும் எழுத்தில் பெறுங்கள். ஒலிபரப்பியவற்றை மூன்று மாதம் பாதுகாக்கும் பொறுப்பு ஒவ்வொரு நிலையத்திற்கும் உண்டு.

இடமாற்றத்தில் அலுவலகமும் ஒலிப்பதிவுக் கூடமும் மட்டும் நகர்கின்றனவா, ஆன்டெனாவும் நகர்கிறதா என்பதே முதன்மையான கேள்வி. ஆன்டெனா நகர்ந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை மாறுவதால், தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதியையும் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளை ஒதுக்கும் பிரிவின் ஒப்புதலையும் முன்கூட்டியே பெற வேண்டும். தரையிலிருந்து ஆன்டெனாவின் உயரம் 30 மீட்டரையும், அது அலைகளை வெளியிடும் வீசுதிறன் 100 வாட்டையும் பொதுவாகத் தாண்டக்கூடாது. கூடம் மட்டும் நகர்ந்தால், அங்கிருந்து ஒலிபரப்பிக்கு ஒலி செல்லும் இணைப்பை இரண்டு வாரமாவது சோதித்த பிறகே பழைய அறையைக் காலிசெய்யுங்கள். வாடகை சற்று வீணானாலும் பரவாயில்லை.