வண்டை அடையாளம் காண: நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

வண்டைக் கண்டதும் நம் கண் நிறத்துக்குத்தான் போகும். உலகில் பெயரிடப்பட்ட வண்டினங்கள் ஏறத்தாழ 4 லட்சம். ஒரே நிறத்தில் வேறுவேறு குடும்பத்து வண்டுகள் ஏராளம். அதனால் உறுப்புகளிலிருந்து தொடங்குவோம். 10 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸும் வெள்ளைத் தாளும் போதும். வாசல் விளக்கடியில் செத்துக் கிடப்பவற்றை வைத்தே பழகலாம்.

படி 1: முதுகு
முன்சிறகுகள் தடித்து ஓடாகி, நடுமுதுகில் நேர்கோடாகச் சேர்ந்தால் அநேகமாக வண்டுதான். ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படிந்திருந்தால், சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியாக இருக்கலாம். புரட்டுங்கள்: அதற்கு உறிஞ்சுகுழல், வண்டுக்குக் கடிக்கும் தாடை.

படி 2: உணர்கொம்பு
தலையிலிருந்து நீளும் இணை உணர் உறுப்பு இது. குடும்பத்தைச் சொல்வதில் இதற்கு இணை இல்லை, அவசரப்படாதீர்கள். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் உணர்கொம்பு நுனியில் சிறு தகடுகள் இருக்கும். உயிருள்ள வண்டு அவற்றை விசிறிபோல் விரிக்கும், மூடும். சாண வண்டுக்கும் இதே அமைப்பு, இரண்டும் உறவு. தலைமேல் உள்ள கொம்பை நம்பாதீர்கள். அது ஆணுக்குப் பெரிது, பெண்ணுக்குச் சிறிது.

அதே தென்னையில் வரும் சிவப்புக் கூன்வண்டுக்கு உணர்கொம்பு நீண்ட மூக்கிலிருந்து கிளம்பி, நடுவில் மடங்கி, நுனியில் தடிக்கும். மூக்கின்மேல் மயிர்க்கற்றை இருந்தால் ஆண். நீள்கொம்பு வண்டுகளில் பலவற்றுக்கு உணர்கொம்பு உடலைவிட நீளம்.

படி 3: பாதக் கணுக்கள்
நகத்துக்கு முன்னுள்ள கணுக்களை எண்ணுங்கள். காண்டாமிருக வண்டுக்கு எல்லாக் காலிலும் 5. மாவு வண்டுக்கு முன்கால், நடுக்காலில் 5, பின்காலில் 4. அது 3-4 மி.மீ.தான் என்பதால் இன்னும் வலுவான லென்ஸ் வேண்டும். இலைவண்டுக்கு 4 எனத் தோன்றும், உண்மையில் 5. மிகச்சிறிய நான்காவது கணு மூன்றாவதன் பிளவுக்குள் ஒளிந்திருக்கும்.

படி 4: அடிவயிறு
வண்டைப் புரட்டுங்கள். பின்கால் உடலோடு சேரும் அடிப்பகுதி, வயிற்றின் முதல் தகட்டை இரண்டாகப் பிரித்து வெட்டினால் தரை வண்டு, நீரில் மூழ்கும் வண்டு போன்றவற்றின் கூட்டம். மேலே சொன்ன மற்ற வண்டுகளுக்கு அந்தத் தகடு வெட்டுப்படாது.

படி 5: நிறமும் மயிரும்
இனி நிறம் பார்க்கலாம். கத்தரி இலையில் புள்ளிபோட்ட செம்பழுப்பு வண்டு இருந்தால் லென்ஸ் வையுங்கள். முதுகில் மெல்லிய மயிர் படர்ந்து மங்கலாகத் தெரிந்தால், இலையைச் சுரண்டி நரம்பை மட்டும் விடும் புள்ளி வண்டு. மயிரின்றி வழவழவென மின்னினால், செடிச்சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் பொறிவண்டாக இருக்க வாய்ப்பு அதிகம், அதை விட்டுவிடுங்கள்.