ஜேட் கொடி வளர்க்க ஆசையா? முதலில் பந்தலைப் போடுங்கள்

ஜேட் கொடியின் பூ நீலமும் பச்சையும் கலந்த நிறம், நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு நிஜப்பூதானா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். பூச்சரம் ஒரு மீட்டரையும் தாண்டித் தொங்கும். தாயகம் பிலிப்பைன்ஸ் மழைக்காடு. அவரைக் குடும்பம்தான், ஆனால் தண்டு மரமாகத் தடித்து 15 மீட்டருக்கு மேலும் ஏறிவிடும்.

அதனால்தான் முதல் வேலை பந்தல். பூச்சரங்கள் கீழ்நோக்கித் தொங்குவதால் இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரம் வேண்டும். இரும்புக் குழாயோ பருத்த மரக்காலோ போடுங்கள். மூங்கில் சில வருடங்களில் கொடியின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். சுவரில் ஏற்றினாலும் வளரும், ஆனால் பாதிப் பூ இலைக்குள்ளேயே மறைந்துவிடும்.

அடுத்து, குளிர். உறைபனி பட்டால் கொடி பிழைப்பது கடினம். 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தாலே வாடத் தொடங்கும். குளிர்காலம் கடுமையான ஊர் என்றால் சூடேற்றிய கண்ணாடிக்குடில்தான் வழி. மற்ற இடங்களில், கொடியின் மேல்பகுதிக்கு வெயிலும் வேருக்கு நிழலும் கிடைக்கிற மூலையாகப் பார்த்து வையுங்கள்.

தொடங்குபவர்கள் விதை வாங்க வேண்டாம் என்பேன். இதன் விதைக்கு முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். தபாலில் வருவதற்குள்ளேயே செத்திருக்கலாம். பதியம் போட்ட செடியோ வேர்விட்ட தண்டோ வாங்குங்கள், பூவும் சீக்கிரம் வரும்.

அரை மீட்டருக்குக் குறையாமல் குழி எடுத்து, மண்ணோடு மக்கிய தொழு உரமும் இலை மக்கும் கலந்து நடுங்கள். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டால் வேர் குளுமையாக இருக்கும். மூடாக்கு தண்டை ஒட்டியிருந்தால் தண்டு அழுகும், கொஞ்சம் தள்ளியே போடுங்கள்.

கொடி தானாகவே சுற்றி ஏறும். பந்தலைத் தொடும்வரை ஒன்றிரண்டு தண்டுகளை மட்டும் விட்டு, பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். மேலே போனதும் அதன் இஷ்டத்துக்குப் படரட்டும்.

அப்புறம், கத்தரிக்கோலைத் தூர வையுங்கள். பூ முதிர்ந்த தண்டில்தான் வரும். அடர்த்தியாகிவிட்டதே என்று ஒட்ட வெட்டினால் அடுத்த பருவத்தின் பூவையும் சேர்த்து வெட்டியதாகிவிடும். காய்ந்ததையும் நெருக்கியடிப்பதையும் மட்டும், அதுவும் பூத்து முடிந்தபின் எடுங்கள். தழைச்சத்து அதிகமுள்ள உரத்தையும் அளவோடு போடுங்கள், இலைதான் கொழிக்கும்.

முதல் பூவுக்கு இரண்டு மூன்று வருடங்கள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை இலைகளின் அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

காய் பிடிக்கவில்லையே என்று கவலை வேண்டாம். சொந்தக் காட்டில் வௌவால்கள்தான் மகரந்தம் சேர்க்கின்றன. தோட்டத்தில் அந்த வேலையை நாம்தான் கையால் செய்ய வேண்டும். அப்படிக் காய்த்து விதை கிடைத்தால் எடுத்து வைக்காமல் உடனே ஊன்றிவிடுங்கள்.