விரால் வயிற்றில் புழு இருந்தால் செய்யக் கூடாதவை

கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழா தொடங்கிவிட்டால் திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கம் வீட்டுக்கு வீடு விரால், கெளுத்திதான். சாம்பல் போட்டுத் தேய்த்து, அரிவாள்மனையில் வயிற்றைக் கீறினால் சில மீன்களில் குடலை ஒட்டியோ சதைக்குள்ளோ சிவப்பு நூல் மாதிரி ஒன்று சுருண்டு கிடக்கும், எடுத்துத் தட்டில் போட்டால் மெதுவாக நெளியும். உடனே "கெட்டுப்போன மீன்" என்று முழு மீனையும் தூக்கி எறிகிறார்கள். தேவையே இல்லை. அது பெரும்பாலும் யூஸ்ட்ராங்கிலைட்ஸ் என்ற உருளைப்புழுவின் இளம்பருவம், மீன் கெட்டதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கொக்கு, நாரை, நீர்க்காகம் போன்ற பறவைகளின் இரைப்பையில்தான் அது முதிர்ந்து முட்டையிடும். முட்டை எச்சத்தோடு தண்ணீரில் விழ, அதைச் சேற்றுப்புழு தின்ன, சேற்றுப்புழுவைச் சின்ன மீன் தின்ன, சின்ன மீனை விரால் விழுங்க, கடைசியில் மீனைத் தின்னும் பறவையிடமே திரும்பிப் போகும். அதற்காகப் பறவைகளைக் குறை சொல்லாதீர்கள். அவை வருகிற கண்மாய்தான் உயிரோடு இருக்கிற கண்மாய், பறவைகள் சரணாலயம் இருக்கிற வேட்டங்குடிக்காரர்கள் அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை.

புழுவையும் அதைச் சுற்றியுள்ள சதையையும் வெட்டி எடுத்துவிட்டு நன்றாக வேகவைத்தால் போதும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது குடலை என்ன செய்கிறோம் என்பதுதான். கண்மாய்க் கரையிலேயே கழுவி, குடலைத் தண்ணீரில் வீசுகிறோம், இல்லையென்றால் வாசலில் நிற்கிற பூனைக்கும் நாய்க்கும் போடுகிறோம். நாத்தோஸ்டோமா என்று இன்னொரு உருளைப்புழு இருக்கிறது, அது பூனை, நாயின் இரைப்பையில்தான் வளரும். அவற்றின் மலத்தோடு முட்டை கண்மாய்க்குள் போய், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சி வழியாக மறுபடி மீனுக்குள் ஏறும். பச்சைக் குடலைப் போடுகிறவரைக்கும் இந்தச் சுற்று நிற்காது. குழி தோண்டிப் புதையுங்கள், போட்டே ஆகவேண்டுமென்றால் கொதிக்க வைத்துப் போடுங்கள்.

சமையலுக்கு வருவோம். புளி கரைத்துக் கொதிக்கிற மீன் குழம்பில் பயமே இல்லை. கரையில் அவசரமாகச் சுட்டுத் தின்கிற மீனிலும், வெளியே முறுகி நடுமுள்ளருகே வேகாத தடிமனான துண்டிலும்தான் ஆபத்து. எலுமிச்சைச் சாறும் மிளகாயும் உப்பும் தடவி ஊறவைத்தால் புழு செத்துவிடும் என்று நம்பாதீர்கள், சாகாது. சதையின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். உறைய வைப்பதென்றால் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு பல நேரம் அந்தக் குளிருக்குப் போவதில்லை. தொண்டியிலிருந்து வருகிற கடல்மீனுக்கும் இதே கணக்குதான், அங்கே அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம்.

ஆஸ்துமாவுக்கென்று உயிருள்ள குட்டி விராலை விழுங்கப் போகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. 1982-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் உயிர்மீனை விழுங்கியவர்களுக்கு இதே யூஸ்ட்ராங்கிலைட்ஸ் குடலைத் துளைத்து, அறுவை சிகிச்சை வரை போயிருக்கிறது. தயவுசெய்து போகாதீர்கள். உடும்புக் கறியும் அப்படித்தான். பிடிப்பதே குற்றம், அதைப் பச்சையாகத் தின்றால், அதன் உடம்பில் இருக்கக்கூடிய எலி நுரையீரல் புழு நம் மூளையைச் சுற்றியுள்ள உறை வரை போகலாம்.

அப்புறம் நாட்டுக்கோழி. கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் எல்லாரும் சளி என்கிறார்கள், மண்புழு தின்று மூச்சுக்குழாயில் புழு ஏறியிருக்கலாம். ஆட்டுக்கு வாங்கிய பூச்சி மருந்தைக் கண்ணளவில் ஊற்றாமல் கால்நடை மருத்துவரிடம் அளவு கேளுங்கள், எத்தனை நாள் முட்டையும் கறியும் சாப்பிடக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தோலுக்கடியில் வீக்கம் ஒன்று இன்றைக்குக் கையில், சில நாள் கழித்துத் தோளில் என்று இடம் மாறினால் அலர்ஜி மாத்திரையோடு விட்டுவிட வேண்டாம், மேலே சொன்ன நாத்தோஸ்டோமாவாக இருக்கலாம். முந்தைய மாதங்களில் வேகாத மீன் சாப்பிட்டதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவராகக் கேட்க வாய்ப்பு குறைவு.