கிராம சபைக்குக் கிளம்பும் முன் இதைப் பாருங்கள்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து ஊராட்சிக்காரர்களே, கிராம சபைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, நிதியாண்டு என்று தேர்ந்தெடுத்தால், உங்கள் ஊராட்சித் திட்டத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தெரியும். லாகின் தேவையில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தையும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். அப்புறம் சபையில், “குளத்துப் படித்துறைக்கு இவ்வளவு போட்டிருக்கிறதே, வேலை எங்கே?” என்று கேளுங்கள். பேசியதோடு விடாமல் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள், அதுதான் ரொம்ப முக்கியம். வாய்க்கால் தூர்வாரும் கோரிக்கையை மே 1 கூட்டத்துக்குத் தள்ளிப்போடாமல் மார்ச் 22 கூட்டத்திலேயே வையுங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. வேலை அதற்குள் முடிய வேண்டும்.