உடற்கல்வி வகுப்பில் குழு விளையாட்டைப் பாதுகாப்பாக நடத்துவது எப்படி?

ஒரு குழு விளையாட்டு பாதுகாப்பாக நடக்குமா என்பது பெரும்பாலும் முதல் விசிலுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆட்டம் சூடுபிடித்த பிறகு ஆசிரியர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், பந்தைத் துரத்தி ஓடும் குழந்தையின் காதில் அது ஏறாது. ஆகவே இடத்தை அமைப்பது, அணி பிரிப்பது, விதிகளைத் தீர்மானிப்பது ஆகிய முன்வேலைகளில்தான் ஆசிரியரின் உழைப்பு அதிகம் செல்ல வேண்டும்.

மாணவர்கள் வருவதற்கு முன் ஆடுகளம் முழுவதையும் ஒருமுறை நடந்து பாருங்கள். கல், கண்ணாடித் துண்டு, பள்ளம், ஈரமான தரை, ஓரத்தில் யாரோ விட்டுச்சென்ற பெஞ்சு ஆகியவற்றைக் கவனிப்பதோடு, கோல் கம்பத்தை இரு கைகளாலும் அசைத்துப் பார்த்து, அது அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிணைக்கப்படாத கோல் கம்பம் சாய்ந்து விழுந்து குழந்தைகள் உயிரிழந்திருக்கிறார்கள். குறுக்குக் கம்பியில் தொங்குவதை எந்தச் சூழலிலும் அனுமதிக்கக் கூடாது.

எல்லைக்கோட்டுக்கு வெளியே இருக்கும் வெற்றிடத்தைப் பலர் வீணான இடம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் வேகமாக ஓடிவரும் குழந்தை நிற்பதற்கான இடம் அதுதான். சர்வதேச விதிகளின்படி வாலிபால் ஆடுகளத்தைச் சுற்றிக் குறைந்தது 3 மீட்டரும், கூடைப்பந்து ஆடுகளத்தைச் சுற்றிக் குறைந்தது 2 மீட்டரும் தடையின்றி இருக்க வேண்டும். பள்ளியில் இடம் போதவில்லையென்றால் ஆடுகளத்தைச் சிறிதாக்குங்கள். இந்த விளிம்பில் மட்டும் கைவைக்காதீர்கள். தொடர் ஓட்டத்தில் சுவரைத் தொட்டுத் திரும்பச் சொல்வது மிகவும் ஆபத்தான பழக்கம். முழு வேகத்தில் வரும் பிள்ளை முதலில் நீட்டுவது கையைத்தான் என்பதால், மணிக்கட்டு முறிய வாய்ப்புண்டு. சுவருக்கு வெகுதூரம் முன்பாகவே கூம்புகளை வைத்து, அவற்றைச் சுற்றித் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வோர் அணிக்கும் தனிப் பாதையும், எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பும் விதியும் இருந்தால் முட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறையும்.

அணி பிரிக்கும் பொறுப்பை இரண்டு தலைவர்களிடம் விட்டுவிடாதீர்கள். கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளைக்கு அது தரும் வேதனை ஒருபுறமிருக்க, உடல்வலுவும் திறமையும் ஒரே பக்கம் குவிந்துவிடவும் அது வழி செய்கிறது. உடல் மோதல் உள்ள விளையாட்டுகளில் எடையும் உயரமும் ஒத்தவர்களையே எதிரெதிரே நிறுத்துங்கள். ஒரே வகுப்பில் படிப்பவர்களிடையே கூட வளர்ச்சியில் பெரும் வேறுபாடு இருக்கும். ஒரு பந்துக்கு இருபது பேர் ஓடுவதைவிட, நான்கு பேருக்கு எதிராக நான்கு பேர் என்று சிறு ஆட்டங்களாகப் பிரித்தால் நெரிசல் குறைவதோடு ஒவ்வொருவருக்கும் பந்தும் அதிகம் கிடைக்கும்.

பந்தெறிந்து ஆளைத் தொடும் ஆட்டங்களுக்கு மென்மையான பந்தையே பயன்படுத்துங்கள். தோளுக்குக் கீழே பட்டால்தான் கணக்கு என்றும், தலையில் பட்டால் எறிந்தவரே வெளியேற வேண்டும் என்றும் விதி வைத்தால், மாணவர்கள் தாமாகவே தாழ்வாகக் குறிவைப்பார்கள். அறிவுரை சொல்லிச் சாதிக்க முடியாததை இப்படிப்பட்ட ஒரு விதி சாதித்துவிடும்.

ஒரு நீண்ட விசில் ஒலித்தால் நின்ற இடத்திலேயே நின்று பந்தைத் தரையில் வைக்க வேண்டும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே சிலமுறை பழக்குங்கள். ஆட்டத்தின்போது நடுவில் நிற்காமல், ஓரத்தில் அனைவரும் கண்ணில் படும்படி நில்லுங்கள். வளையல், கைக்கடிகாரம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறு ஆகியவற்றைக் கழற்றச் செய்து, காலணிக் கயிறுகளையும் சரிபாருங்கள். ஆடப்போகும் விளையாட்டில் வரும் ஓட்டம், திருப்பம், தாவல் ஆகியவற்றையே மெதுவாகத் தொடங்கி வேகப்படுத்துவது போதுமான உடல் சூடேற்றும் பயிற்சியாகும். ஆஸ்துமா உள்ள மாணவரின் இன்ஹேலர் வகுப்பறைப் பையில் இருந்து பயனில்லை. அது மைதானத்தில் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

தலையில் அடிபட்டால் எந்தச் சமரசமும் வேண்டாம். தலைவலி, மயக்கம், குமட்டல், குழப்பமான பேச்சு, தடுமாற்றமான நடை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாணவரை உடனே ஆட்டத்திலிருந்து விலக்குங்கள். அவரே நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அன்று மீண்டும் ஆடவிடக் கூடாது. சுயநினைவு இழப்பு, தொடர்ந்த வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி ஆகியவை அவசர மருத்துவ உதவியை நாட வேண்டிய அறிகுறிகள். கழுத்தில் வலி இருந்தால் உதவி வரும்வரை அவரை அசைக்காதீர்கள். சில அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே வெளிப்படும் என்பதால், நடந்ததைப் பெற்றோரிடம் அன்றே நேரடியாகத் தெரிவியுங்கள்.

சிறு காயமானாலும், அது எந்த ஆட்டத்தில், ஆடுகளத்தின் எந்தப் பகுதியில் நேர்ந்தது என்பதைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஒரே இடம் இரண்டாம் முறை பதிவானால், அடுத்த வகுப்புக்கு முன் ஆடுகளத்தின் அமைப்பையோ விதியையோ மாற்றிவிடுங்கள்.